ஐயனார் நிமிர்த்திய வால்

ஐயனாருக்குக் கோணலைக் கண்டால் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, இவனுக்குக் கோணல். சுவரில் காலண்டர் சாய்ந்து தொங்கினால் சோறு இறங்காது. சுங்குவார்சத்திரத்தில் இவனோடு ஒரே அறையில் குடியிருக்கும் சாத்தூர்க்காரன் மகாராஜா, பெயருக்கு ஏற்றபடி கை ஒரு திசை, கால் ஒரு திசையாகத்தான் தூங்குவான். ஐயனார் குளித்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக அவன் காலைப் பிடித்து இழுத்துப் பாய்க்கு நேராகக் கிடத்துவான்.

"ஏலே, நான் என்ன பம்பரால? என்னைய ஏம்ல நிமித்துத?" என்று கத்திவிட்டு மகாராஜா மறுபடியும் கோணிக்கொள்வான். இவன் மறுபடியும் நிமிர்த்துவான். அந்த வீட்டில் விடிவது இப்படித்தான்.

பிழைப்பும் அதற்குத் தோதாகவே அமைந்தது. சங்கரன்கோவில் பக்கம் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடி வந்தவனை, வல்லம் வடகாலில் கார் பம்பர் செய்யும் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. எடுத்து ரீவொர்க் மேஜையில் நிறுத்தியது. வார்ப்பில் நெளிந்தது, ஏற்றி இறக்கும்போது நசுங்கியது, எவனோ முட்டி போட்டு வளைத்தது என்று குறைபட்ட பம்பரெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டு இவனிடம் வரும். சூடு காட்டுவான், அமுக்குவான், தேய்ப்பான், பெயின்ட் அடிப்பான். பச்சை ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பும்போது அது எங்கே நசுங்கியிருந்தது என்று அதைப் பெற்ற மெஷினுக்கே தெரியாது.

அந்தப் புத்தியைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் எந்த வம்பும் இல்லை. அவனால் முடியவில்லை. கம்பெனியில் வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் அன்புவின் கல்யாணத்தில், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் மேடைக்குத் தாவி மாப்பிள்ளையின் தலைப்பாகையை நேர் செய்தான். வீடியோவில் தாலி விழவில்லை. ஐயனாரின் முதுகு மட்டும் அகலமாக விழுந்திருக்கிறது. அன்புவின் மாமியார் வீட்டில் இன்றைக்கும் அந்த முதுகைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

எழிலரசியைப் பார்த்ததும் இந்தப் புத்தியால்தான். ஒரகடம் சாலையில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டல் வாசலில் கைகூப்பி நிற்கும் பெண் பொம்மை ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாப்பிட வந்த ஐயனார், சாப்பாட்டை மறந்துவிட்டுப் பொம்மையின் கழுத்தைப் பிடித்துத் திருகி நிமிர்த்திக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருய்யா நீ? எம் பொம்ம கழுத்துல இன்னாத்துக்குக் கைய வெச்ச?"

"சாஞ்சு கெடந்துச்சுங்க. அதான் சரி பண்ணுதேன்."

"அது சாயல. வாங்கன்னு கூப்டுது. நீ நிமித்தி வுட்டதுல போலீஸ் மாரி நிக்குது பாரு. எவனாவது சாப்ட வருவானா?"

தள்ளி நின்று பார்த்தான். வாஸ்தவம்தான். கைகூப்பிய போலீஸாகத்தான் நின்றது. தான் நிமிர்த்திய ஒன்று கெட்டுப்போனதை அவன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதைச் சொன்னவளை அவனுக்கு உடனே பிடித்துப்போனது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எழிலரசி உள்ளூர்க்காரி. ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் ஃபைபர் பொம்மை செய்கிறவள். கங்காரு குப்பைத்தொட்டி, பெங்குவின் குப்பைத்தொட்டி, ஐஸ்கிரீம் கடைக்குப் பெரிய கோன். இந்த வட்டாரத்தில் வாயைத் திறந்துகொண்டு குப்பைக்குக் காத்திருக்கும் மிருகம் எதுவானாலும் பெரும்பாலும் அவள் கை பட்டதாகத்தான் இருக்கும். ஷெட்டில் எல்லாம் பழைய அச்சு. அவளாகக் கற்பனை செய்து ஒன்றைச் செய்யும் வாய்ப்பு மட்டும் வராமலே இருந்தது.

டீக்கடை, பஸ் ஸ்டாப், மறுபடியும் டீக்கடை என்று நாள் ஓடியது. ஒரு நாள் ஐயனார் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டான்.

"என்னையக் கட்டிக்கிடுதியா எழிலு?"

எழிலரசி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "உன்ன புடிச்சித்தான் கீது. ஆனா பயமாவும் கீது ஐயனாரு. நீ எத்தயும் அது இருக்கிற மாரி இருக்க வுட மாட்ட. நாளைக்கு என்னையும் தேச்சி, பெயின்ட் அடிச்சி, பச்ச ஸ்டிக்கர் ஒட்டிருவ."

"ச்சே, ஒன்னையப் போயி..." என்று சொல்லிக்கொண்டே அவன் அவள் வைத்த டம்ளரை மேஜையின் ஓரத்துக்கு நேராக நகர்த்தினான். அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான்.

"கையில ஒரு பெரிய வேல கீது. உங்க கம்பெனிக்குத்தான். அத்தத் தெறந்து வெக்கட்டும், அன்னிக்கே பதில் சொல்றேன்" என்றாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, "முதல ஜாதி. அன்னிக்குத்தான் பாக்கணும். அதுக்கு முன்னால எட்டிப் பாத்த, பதிலே கெடையாது" என்று முடித்துக்கொண்டாள்.

அந்தப் பெரிய வேலை ரகு சாரின் யோசனை. ரகு சார் அந்தக் கம்பெனியின் பிளாண்ட் ஹெட். குடும்ப தினத்தன்று தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக வாசலருகே ஒரு பூங்கா திறப்பதாக இருந்தது. நடுவில் ஒரு பழங்காலத்து மிருகம் வேண்டும், ஆனால் ஊரெல்லாம் வைக்கிற டைனோசர் வேண்டாம் என்றார். அவருக்குத் தெரிந்த நிலவியல் பேராசிரியை சந்தனமாரி அம்மா ஓய்வுபெற்றுச் சென்னையில் இருக்கிறார். அவர் எடுத்துச் சொன்னதுதான் டகோசாரஸ். முதலைக்குத் தூரத்துச் சொந்தம். பதினைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் கடலில் திரிந்துவிட்டுத் தடமில்லாமல் போன இனம். எழிலரசி வாரா வாரம் பஸ் ஏறிப் பேராசிரியை வீட்டுக்குப் போய்ப் படம் பார்த்து, கேள்வி கேட்டு, களிமண்ணில் பிடித்து, அழித்து, மறுபடியும் பிடித்துச் செய்தாள். அவள் முதன்முதலாகச் சொந்தமாகச் செய்த மிருகம் அது.

இதெல்லாம் ஐயனாருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், குட்டி யானை என்கிற சின்ன லாரியில் கயிறு போட்டு இறுக்கி, தார்ப்பாய் மூடிய நிலையில் டகோசாரஸ் வந்து சேர்ந்தது. எழிலரசி வண்டியோடு வரவில்லை. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். வெளியிலிருந்து எது வந்தாலும், கேன்டீனுக்கு வரும் வெங்காயம் உட்பட, இன்ஸ்பெக்ஷன் ஆகாமல் உள்ளே போகக் கூடாது. ஆகவே டகோசாரஸும் இன்ஸ்பெக்ஷனுக்குப் போனது. அன்பு தார்ப்பாயை விலக்கினான். முதலை என்று ரசீதில் போட்டிருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு முதலைப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பம்பரை ஒப்பிடுவது போல மேலிருந்து கீழ்வரை ஒப்பிட்டான். பிறகு சிவப்புச் சீட்டை எடுத்து எழுதினான்: வால் வளைந்துள்ளது. செதில் வேலை விடுபட்டுள்ளது. கால்கள் முடிக்கப்படவில்லை. எழுதி, தள்ளுவண்டியில் ஏற்றி, நேராக ரீவொர்க்குக்கு அனுப்பிவிட்டான்.

தன் மேஜை முன்னால் நின்ற மிருகத்தைப் பார்த்ததும், எழிலரசி சொன்ன 'முதல ஜாதி' இதுதான் என்று ஐயனாருக்குப் புரிந்துவிட்டது. பார்க்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை. கேட்டால் பார்த்தது தெரிந்துவிடும். ஆனால் பாவம், என்ன கதியில் வந்திருக்கிறது! வால் முனை மொத்தமும் கீழே மடங்கிக் கிடந்தது. கயிற்றை இறுக்கியதில் வளைந்திருக்க வேண்டும். முதுகு மொழுக்கென்று இருந்தது. கால்களோ தோசைத் திருப்பி மாதிரி தட்டையாக இருந்தன. அவசரத்தில் விரல் வைக்க நேரமில்லை போலிருக்கிறது. விடிந்தால் விழா. ரகு சார் இதைப் பார்த்தால் எழிலரசியின் பெயர் என்னாவது? அவள் பெயர் கெட்டால் பதில் என்னாவது?

"ஐயனாரு இருக்கான், கவலப்படாத எழிலு" என்று டகோசாரஸிடமே சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான். அவனை யாரும் தடுக்கவில்லை. ஐயனார் கை வைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அங்கே ஒரு பேர்.

முதலில் வால். வளைவு தொடங்கும் இடத்தில் அறுத்தான். உள்ளே வைத்திருந்த கம்பியையும் அறுத்து நேராக வெல்டிங் வைத்தான். ரெசின் பசை பூசி, கண்ணாடி நார் ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, ஒட்டின இடம் தெரியாமல் பெயின்ட் அடித்தான். வாலின் மேல் துடுப்பு மாதிரி ஒன்று போல்ட் போட்டு நின்றது. வண்டியில் ஆடாமல் இருக்க வைத்த முட்டு என்று முடிவுகட்டி அதைக் கழற்றி மூலையில் சாத்தினான். அடுத்து செதில். கார் முகப்பில் வைக்கும் கிரில் வலை ஒன்று கிடந்தது. அதை முதுகில் வைத்து மேலே வெள்ளி பெயின்ட் பீய்ச்சினான். கட்டம் கட்டமாக அழகாக விழுந்தது. கடைசியாக, தோசைத் திருப்பிக் கால் ஒவ்வொன்றிலும் கறுப்புப் பெயின்டில் நகம் வரைந்தான். தள்ளி நின்று பார்த்தான். குண்டூசி மாதிரி நேராக ஒரு முதலை. நெற்றியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மால் முடிந்த சீர்வரிசை என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தலும் பலூனும் தயாராக இருந்தன. டகோசாரஸைப் பூங்காவின் நடுவே இரும்புத் தாங்கலில் நிறுத்தித் தார்ப்பாய் மூடியிருந்தார்கள். எழிலரசி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டாள். கூட்டம் வருவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தார்ப்பாய்க்குள் நுழைந்தாள். ஐயனார் வெளியே பெருமையோடு காத்திருந்தான். உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது.

"யாருய்யா இதுக்கு நெயில் பாலிஷ் போட்டது?"

உள்ளே ஓடினான். எழிலரசி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வண்டியில வளைஞ்சிட்டு எழிலு. கால் வேலையும் பாக்கி கெடந்துச்சு. ஒம் பேரு கெட்டுறக் கூடாதேன்னு நாந்தான்..."

"இது ஆத்து முதல இல்லய்யா! கடல்லயே கெடந்தது. நீந்தறதுக்குப் பாரமா கீதுன்னு முதுகுச் செதிலையே வுட்டுட்ச்சி. காலு துடுப்பா பூட்ச்சி. வால் எலும்பு கீழ எறங்கி, மேல துடுப்பு நிக்கும், மீனு வாலு மாரி. அந்த வளைவுதான்யா அதுக்கு உசுரு! மாசக் கணக்குல அந்த ஒரு வளைவுக்குத்தான் ஒக்காந்தேன்!"

இன்னும் கொஞ்சம் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த நேரான வாலை விரலால் தடவிப் பார்த்தாள். "ஒட்டுனதே தெரியல. நல்லாத்தான் பண்ணிக்கிற" என்றாள். அந்தப் பாராட்டு செருப்படியை விடக் கேவலமாக இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு வெட்கமாக அவன் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

"நான் போயி ரகு சார்ட்ட சொல்லிருதேன். எல்லாம் எம் வேலைன்னு."

"சொன்னா? வாலு வளைஞ்சிருமா? இத்தச் சொல்லிக் குடுத்த புரொபசரம்மா வேற வருது. மொதல்ல வேலயப் பாரு."

விழாவுக்கு வந்திருந்த மகாராஜாவையும் துணைக்கு இழுத்துக்கொண்டார்கள். பெயின்ட் கரைக்கும் தின்னரைத் தொட்டுத் துடைத்ததும் நகம் போனது. செதிலும் போனது. லேசாக ஒரு மினுமினுப்பு மட்டும் மிஞ்சியது. ஈரத்தோல் போல் இருந்ததால் அதை விட்டுவிட்டாள். துடுப்பைப் பழையபடி போல்ட் போட்டு நிறுத்தினார்கள். மிச்சம் வால்தான். ஐயனார் ஒட்டின இடத்தில் மறுபடியும் அறுத்தான். அறுத்த துண்டை வளைத்துப் பிடி என்றாள் எழிலரசி. பிடித்தான். அவன் கை தன்னை அறியாமல் அதை நேராக்கியது. "வளை" என்றாள். வளைத்தான். மறுபடியும் நேராகியது. கடைசியில் மகாராஜா அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அமுக்கி, "தெனம் நீ என்னைய நிமித்துவ, இன்னைக்கு ஒன்னைய நான் வளைக்கேன், வெளங்குமாடே இது?" என்றான்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஐயனார் ரெசினில் ஹார்டனரைத் தாராளமாக ஊற்றினான். ரெசின் கலந்த பிளாஸ்டிக் மக் புகைந்தது. பிறகு வெடித்தது. உள்ளே இருந்த ரெசின் கல்லாகிவிட்டது. வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டார்கள்.

எழிலரசி முகத்தில் ஈயாடவில்லை. ஐயனார் மிருகத்தின் அடிவயிற்றைப் பார்த்தான். தாங்கலில் முடுக்குவதற்காக அங்கே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு மூடி வைத்திருந்தாள். மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, இடுப்பை நெளித்து, டகோசாரஸின் வயிற்றுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டான். வால் பக்கம் கையை நீட்டினான். வெட்டின இடம் வரை எட்டியது. "துண்ட வையி. அதுல உள்ள கம்பிய நான் புடிச்சுக்கிடுதேன்" என்றான் உள்ளேயிருந்து. வெட்டின இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே பெயின்ட் தடவினாள். மகாராஜா மூடியைச் சாத்தினான்.

டகோசாரஸ் உண்மையில் எதையெல்லாம் விழுங்கியதோ, சங்கரன்கோவில்காரன் எவனையும் விழுங்கியிருக்காது. உள்ளே கும்மிருட்டு. வெயிலில் தார்ப்பாய்க்கடியில் ரெசின் வாடை மூக்கைத் துளைத்தது. கண்ணாடி நார் கழுத்திலும் முதுகிலும் குத்தி, சொறியச் சொல்லி உயிரை எடுத்தது. சொறியக் கை இல்லை. ஒரு கை கம்பியில், இன்னொரு கை அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு.

தார்ப்பாய் விலகியதும் கைதட்டல் கேட்டது. ரகு சார் மைக்கைப் பிடித்தார். "பதினஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடியே இந்த உயிரினம் தேவையில்லாத வெயிட்டைக் குறைச்சிருக்கு. அதுவும் ஒரு காஸ்ட் ரிடக்ஷன்தான்! அதால முடியும்போது நம்ம லைன்ல ஏன் முடியாது?" என்று ஆரம்பித்தவர், அப்படியே உற்பத்தி, வருகைப் பதிவு, கேன்டீனில் சோறு வீணாக்குவது என்று ஒரு சுற்று சுற்றி வந்தார். ஐயனாரின் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

பிறகு எழிலரசி பேசினாள். மைக்கில் அவள் குரல் முதலில் நடுங்கியது; மிருகத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல நடுக்கம் போய்விட்டது. கடலுக்குள் போன முதலை எதையெதை விட்டது, எது எதுவாக மாறியது என்று பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னாள். வால் வளைவைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்கு இருந்த சந்தோஷம் ஃபைபரைத் தாண்டி உள்ளே கேட்டது. இதையா நான் அறுத்தேன் என்று ஐயனாருக்கு அழுகை முட்டியது. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். கை போனாலும் வளைவு போகக் கூடாது.

"வால்லதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. இந்தப் பொண்ணு விடல" என்றார் பேராசிரியை சந்தனமாரி அம்மா. சொல்லிவிட்டுச் செல்லமாக வாலில் ஒரு தட்டு தட்டினார். உள்ளே ஃபைபர் தூள் பொலபொலவென்று ஐயனாரின் மூக்கில் உதிர்ந்தது.

தும்மினான். வால் ஆடியது.

பிள்ளைகள் வீறிட்டார்கள். பூங்காவே அதிர்ந்தது. "மோட்டாரா! சொல்லவே இல்லையேம்மா!" என்று ரகு சார் துள்ளினார். "இன்னொரு தடவை!"

பிறகு வயிற்றுப் பக்கம் விரல் முட்டியால் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். அது யார் கை என்று ஐயனாருக்குத் தெரியும். ஆட்டினான். மறுபடியும் தட்டினாள். மறுபடியும் ஆட்டினான். இடது பக்கம், வலது பக்கம், கொஞ்சம் ஸ்டைலாகச் சுழற்றியும் காட்டினான்.

"பிரமாதம்! நம்ம மத்த பிளாண்ட்டுக்கும் இதே மாதிரி, மோட்டாரோட, நீங்களே செஞ்சு தரணும். தினம் சாயந்தரம் பசங்களுக்கு ஆட்டிக் காட்டலாம். ஸ்விட்ச் எங்கம்மா இருக்கு?"

மோட்டார்தான் என்று சொல்லிவிடு எழிலு என்று ஐயனார் மனசுக்குள் கெஞ்சினான். அவள் கேட்காமலே வந்த பெரிய வேலை. தன் முட்டாள்தனத்தால் அது போகக் கூடாது. தினம் ஷிஃப்ட் முடிந்து வந்து இந்த வயிற்றில் படுத்து ஆட்டிக் காட்டச் சொன்னால் ஆட்டுவான். எத்தனை வருஷம் வேண்டுமானாலும். அவள் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னாலும் ஆட்டுவான்.

"மோட்டாரு இல்ல சார்" என்றாள் எழிலரசி. "வாலு ஒடைஞ்சி பூட்ச்சி. ஒட்டறதுக்கு நேரம் இல்ல. உள்ள ஒருத்தரு புடிச்சிக்கினு கீறாரு."

கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தை பலூனை உடைத்தது.

"உள்ளயா? இந்த வெயில்லயா? யாரும்மா அது?"

எழிலரசியின் கை ஃபைபரின் மேல் வந்து பதிந்தது ஐயனாருக்குக் கேட்டது, சரியாக அவன் நெஞ்சு இருந்த இடத்தில்.

"எங்க வூட்டுக்காரரு சார்."

ஐயனார் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். கம்பியை விட்டுவிட்டோம் என்பது, வெளியே வால் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.